வீட்டில் வைக்கச் சொன்னது யார்?

எரிந்துபோன மோட்டார்களுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். அதுவும் மாலைக்குள் தேவைப்பட்டார். அதற்காகவே தங்கதுரை, துப்பறிவாளர் நிர்மலாவைத் தம் அலுவலகத்துக்கு வரவழைத்திருந்தார்.

கள்ளக்குறிச்சி சேலம் சாலையில், டைல்ஸ் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வாசற்பலகையில் 'வயல்வழி மென்பொருள் தயாரிப்பு கூடம்' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். பொன்னுக்குச் செலவழித்தவர்களுக்கு ஒரு 'க்' வாங்க மனம் வரவில்லை. நிர்மலா அந்தப் பலகையைப் பார்த்தார். செருப்பில் ஒட்டிய சாணத்தைப் பார்ப்பவர்போல் உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்.

"ஒக்காருக்கா. சோபா சும்மா உள்ள இழுத்துக்குது பாரு," என்றான் பிச்சைமுத்து. அவன் நிர்மலாவின் உதவியாளன். முன்பு பேருந்து நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டியவன். ஆட்டோவை விற்றுவிட்டான், வாயின் எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை.

"உள்ளே இழுக்கிற சோபாவில் உட்காரக் கூடாது. எழுந்திருக்கும்போது மரியாதை போயிடும்," என்று நின்றுகொண்டே சொன்னார் நிர்மலா.

தங்கதுரை கைகுலுக்கக் கை நீட்டியவாறே வந்தார். நிர்மலா வணக்கம் சொன்னார். நீண்ட கை, தலைமுடியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"நான் நேரத்தை வீணாக்குபவன் அல்லன், மேடம். பிறந்து வளர்ந்தது சிங்கப்பூர். இந்த ஊரின் மந்தகதி எனக்கு இன்னும் பழகவில்லை."

காலை நேரத்தில், காப்பி வருவதற்கு முன்பே, வாய்ப்பேச்சில் 'அல்லன்' என்று சொல்லும் மனிதரை நிர்மலா அதுவரை கண்டதில்லை. பல்லாண்டுகள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவர் அவர். நீதிபதிகள்கூட அங்கே 'இல்லை' என்றுதான் சொன்னார்கள்.

தங்கதுரை சொன்ன செய்தியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அவருடைய நிறுவனம் 'மடை' என்ற பெயரில் ஒரு நிரலகம் வைத்திருந்தது. வயல் மோட்டாரைக் கைப்பேசியிலிருந்து இயக்கவும் நிறுத்தவும் உதவும் நிரல்களின் தொகுப்பு அது. குழாயில் நீர் வராவிட்டால் மோட்டாரைத் தானாகவே நிறுத்திக் காப்பதும் அதன் பணி. அண்மையில், மோட்டாரோடு பொருத்தும் பெட்டியில் விலை குறைந்த புதிய வகைச் செயலிச் சில்லு ஒன்றை வைத்து, அதிலும் 'மடை' இயங்கும்படி செய்தார்கள். செயலி மாறினால் கையேடும் மாற வேண்டும். களப்பணியாளர்களுக்கான தமிழ்க் கையேட்டில் புதிய செயலிக்கென ஒரு பக்கம் சேர்ந்தது. அந்தப் பக்கம் சொன்னபடியே கல்வராயன் மலையில் பெட்டிகளைப் பொருத்தினார்கள். மோட்டார்கள் நீரில்லாமலே ஓடின, வரிசையாகக் கருகின.

"பிழையான பக்கத்தை எழுதியவள் சந்தியா என்னும் பொறியாளர். பக்கத்தின் அடியில் அவள் பெயர் இருக்கிறது. மாலையில் உழவர் சங்கத்தினர் வருகிறார்கள். வெளியார் ஒருவரின் அறிக்கையை அவர்கள் முன் வைக்க வேண்டும். அதன்பின் அவள்மீது காவல் நிலையத்தில் புகார். நாசவேலை."

"நாசவேலைன்னு நீங்களே தீர்ப்பு எழுதிட்டீங்க. நான் எதுக்கு?"

"முத்திரைக்கு, மேடம்."

"ரப்பர் ஸ்டாம்பு பஸ் ஸ்டாண்டுலயே பண்ணிக் குடுக்கறாங்க சார்," என்றான் பிச்சைமுத்து. "எங்கக்காவ வுட கம்மி வெலை. கேள்வியும் கேக்காது."

நிர்மலா அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டச் சொன்னார். ஒருமுறை மௌனமாகவும் ஒருமுறை வாய்விட்டும் படித்தார்.

"'அமைப்புக் கோப்பை வீட்டு அடைவில் வைக்கவும். வரியின் முதலில் உள்ள விடுக்குறியை நீக்கவும்.' வீட்டு அடைவுன்னா?"

"கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் உரிய இடம். உலகமே அறிந்த சொல். சொல்லில் பிழை இல்லை. அவள் சொன்ன இடந்தான் தவறு."

"சரி. விடுக்குறின்னா?"

தங்கதுரை கைக்கடிகாரத்தைத் திருகினார். "அது ஏதோ தொழில்நுட்பக் குறி."

"எப்படி இருக்கும்? புள்ளியா, கோடா?"

"எழுதியவளைக் கேளுங்கள்."

"அவங்கதான் எழுதினாங்கன்னு பழைய பதிவுகள் சொல்லுமா?"

"பழைய மாற்றங்களை எல்லாம் சுத்தம் செய்து ஒரே பதிவாகச் சுருக்கிவிட்டோம். அந்தப் பதிவு அவள் பெயரில் இருக்கிறது."

"சுத்தம் பண்ணினது மோட்டார் எரியறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

தங்கதுரையின் கைப்பேசி ஒலிக்கவில்லை. ஆயினும் அவர் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அறையின் மூலையில் ஓர் இளைஞர் மடிக்கணினிக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். ஆவணப் பிரிவின் தலைவர் தீனதயாளன். வழவழப்பான ஆங்கிலத்தில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"ஆவணத் தலைவர் நீங்கதானே? இந்தப் பக்கத்தைப் பார்த்தீங்களா?"

"டாக்குமென்டேஷன்ல இங்கிலீஷ் பேஜஸ் மட்டும்தான் மேடம் என்னோட டிபார்ட்மென்ட். எவ்ரி லெட்டர் என்னோடது. தமிழ் பேஜை நான் ஓபன் பண்றதே இல்ல."

"மோட்டாரைப் பொருத்துறவங்க படிக்கிறது தமிழ்ப் பக்கம். அதைத் திறக்காததைப் பெருமையா வேற சொல்றீங்க. அப்போ தமிழ்ப் பக்கம் யாரோடது?"

தீனதயாளன் வாசலைப் பார்த்தார். "சந்தியாவோடது," என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

சந்தியா எங்கே என்று கேட்டதற்கு விடை கிடைத்தது. பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதும்வரை அலுவலகத்துக்குள் வரக் கூடாதென்று அவளுக்கு ஆணை. அவள் கடிதம் எழுதவில்லை. கருகிய மோட்டார்களைப் பார்க்க மலைக்குப் போய்விட்டாள்.

"வண்டியை எடு," என்றார் நிர்மலா.

*

பிச்சைமுத்துவின் ஆம்னி வேன் கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கோமுகி அணையின் ஓரமாக முனகிக்கொண்டு போயிற்று. வழியெங்கும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நடுச்சாலையைத் தம் தகப்பன் சொத்தாகக் கருதின.

"எனக்குப் புரிஞ்சத சொல்றேன்க்கா. டீசல் வண்டிய கேஸ் வண்டியா மாத்திட்டானுங்க. ஆனா புக்குல டீசல் ஊத்துன்னே இருந்திச்சி. அதான?"

"பழைய வரி தங்கியிருந்தா அது சோம்பேறித்தனம். இது அப்படி இல்லை. இந்தப் பக்கம் புதுசா எழுதினது. புதுசாவே தப்பா எழுதினது."

"கை தவறி அடிச்சிருப்பான்."

"கை தவறினா பக்கத்து எழுத்து விழும். 'வீட்டு'ங்கிறது அப்படி விழற சொல் இல்லை. பார்த்து எழுதறவன் தப்பு பண்ணினா ஒரு வரி காணாமப் போகும். இங்கே ஒரு வரியும் போகலை. இது காதால பண்ணின தப்பு, பிச்சைமுத்து. ஒருத்தர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதறவன், தெரியாத சொல் வந்தா தனக்குத் தெரிஞ்ச சொல்லா மாத்திடுவான். நீதிமன்றத்தில் அந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கேன். மத்த தப்பெல்லாம் அசிங்கமா இருக்கும், காட்டிக்கொடுத்துடும். காதுத் தப்பு மட்டும் அலங்காரம் பண்ணிக்கிட்டு நிக்கும்."

"எம் மாமியாரு மாதிரின்னு சொல்லு."

மலையேறும் வளைவுகளில் பிச்சைமுத்து வாயை மூடிக்கொண்டான். வேனும் அவனும் ஒரே நேரத்தில் பேச இயலாத சாலை அது.

வெள்ளிமலைக்கு அப்பால், பலா மரங்களுக்கு நடுவே சாலம்மாளின் மரவள்ளி நிலம். இலைகள் தொங்கிக்கிடந்தன. கிணற்றிலிருந்து மேலே ஏற்றிய மோட்டார், கரிந்த வாடையோடு சாக்கின்மேல் கிடந்தது. பக்கத்தில் மடிக்கணினியோடு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். சாலம்மாள் இடுப்பில் கைவைத்து, வந்தவர்களை மேலும் கீழும் அளந்தார்.

"இன்னா, நீயும் வூட்டுல வையின்னு சொல்றதுக்கு வந்தியாம்மா?"

"யார் அப்படிச் சொன்னாங்க?"

"பொட்டி மாட்ட வந்தானே, அவன்தான். போன பாத்துக்கினே நின்னான். வீட்டு அடைவில் வைக்கவும்னு ரெண்டு வாட்டி படிச்சான். பொட்டிய எத்துக்கினு வந்து எங்கூட்டு அடுப்படியில வெச்சிட்டுப் போய்ட்டான். மோட்டாரு கெணத்துல, பொட்டி அடுப்புல. ரெண்டும் கடுதாசி போட்டுக்குமா?"

"மழையில நனையக் கூடாதுன்னு நெனச்சிருப்பான்மா. நல்ல மனசு," என்றான் பிச்சைமுத்து.

"நீ ஒருத்தன். நல்லா திட்னேன். திரும்ப வந்து மோட்டாராண்டயே மாட்டிட்டு, உள்ள இன்னாத்தையோ வூட்டுல வெச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போனான். தண்ணி வராத கொழாயில மோட்டாரு ஓடிக்கினே இருந்திருக்குது. நிறுத்த வேண்டிய பொட்டி சும்மா பாத்துக்கினு இருந்திச்சி. இந்தப் பொண்ணு மட்டுந்தான் வந்து எட்டிப் பாக்குது. வேற ஒரு நாயும் வரல."

இளம்பெண் எழுந்தாள். "நான்தான் சந்தியா. முதலாளி அனுப்பினாரா, மேடம்? கையெழுத்து கேட்டா போட மாட்டேன். வர வழியிலயே திரும்பியிருக்கலாம் நீங்க."

"கையெழுத்து வேண்டாம். இந்தக் கோப்பு எங்கே இருக்கணும், அதைச் சொல்லுங்க."

"ஊடு அடைவுல. போர்டுக்கும் நிரலகத்துக்கும் நடுவுல இருக்குது, அதால ஊடு. நான் வெச்ச பேரு. பழைய செயலியில 'மடை' ரெண்டு எடத்துலயும் தேடும். எங்க வெச்சாலும் கண்டுபுடிச்சிக்கும். புதுசுல ஊடு அடைவுல மட்டும்தான் தேடும். அங்க இல்லன்னா, மோட்டார எப்ப நிறுத்தணும்னு அதுக்குத் தெரியாது."

"ஊடுபயிரில் வர்ற ஊடு."

"அதேதான், மேடம்."

"விடுக்குறி?"

சந்தியா முகம் சுளித்தாள். "அப்படி ஒரு எழவும் கெடையாது. உடுக்குறி. உடுன்னா நட்சத்திரம். வரிக்கு முன்னாடி நட்சத்திரம் போட்டிருந்தா அந்த வரி தூங்குதுன்னு அர்த்தம். எடுத்தாதான் வேலை செய்யும். கையேட்ட பாத்து எனக்கே சிரிப்பு வந்திச்சி. திருத்தறதுக்குள்ள மோட்டாரு எரிஞ்சிடுச்சின்னு போன் வந்திச்சி."

நிர்மலா கண்களை மூடித் திறந்தார். பிச்சைமுத்து அதைக் கவனித்தான். வழக்கு பிடிபட்டுவிட்டால் அக்கா இப்படித்தான் செய்வார்.

"இதையெல்லாம் நீங்க எழுதலை. வாயால சொல்லியிருக்கீங்க. யாருக்கு?"

"இங்கதான் போர்டு சோதிச்சிக்கினு இருந்தேன். லேப்டாப்பு செத்துடுச்சி. பெங்களூர்ல ஏதோ விழா, உடனே பக்கம் வேணும்னு சொன்னாங்க. போன்லயே வரி வரியா சொன்னேன். அந்தப் பக்கம் ரெண்டு பேருதான்: முதலாளியும் தீனதயாளன் சாரும். யாரு அடிச்சாங்கன்னு தெரியல. பக்கம் வந்தப்ப அதுல யார் பேருமே இல்ல. மோட்டாரு எரிஞ்ச பொறவுதான் என் பேரு மொளச்சிச்சி."

"கடிதம் எழுதிக் குடுத்துட்டா வேலையோட போயிடும், போலீஸ் வராம இருக்கலாமே?"

"'மடை' எல்லாருக்கும் தெறந்து வெச்சிருக்கற நிரலகம். யார் யாரோ, எந்தெந்த நாட்டுலயோ எடுத்து ஓட்டறாங்க மேடம். நாசவேலை பண்ணவன்னு ஒரு தபா பேரு வந்திச்சின்னா, அப்புறம் நான் எழுதற ஒரு வரிய எவனும் தொட மாட்டான். ஜெயிலு போனாக்கூட வெளிய வரலாம். அதுலேர்ந்து வர முடியாது."

நிர்மலா தலையசைத்தார். "உங்க சொந்த ஊர் எது?"

"கருணாபுரம்."

"வீட்டை என்னன்னு சொல்வீங்க?"

"வூடுன்னுதான். ஏன், தப்பா?" என்று சிலிர்த்துக்கொண்டாள் சந்தியா.

"தப்பே இல்லை. அப்படிச் சொல்ல வெட்கப்படறவன்தான் இந்தத் தப்பைப் பண்ணியிருக்கான்."

பிச்சைமுத்து தலையைச் சொறிந்தான். "எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுக்கா."

"இந்தப் பொண்ணு 'ஊடு'ன்னு சொன்னா. கேட்டவன் காதுல 'வூடு'ன்னு விழுந்தது. 'பட்டிக்காட்டுப் பேச்சு, நாம திருத்திடுவோம்'னு வீடு ஆக்கினான். 'உடு'ன்னு சொன்னது 'வுடு'ன்னு விழுந்தது. அதையும் திருத்தி விடு ஆக்கினான். வேற ஜில்லாக்காரன் காதுக்கு ஊடு ஊடாத்தான் கேட்கும். உன்னை மாதிரி ஆளா இருந்தா 'இன்னா வூடு? யார் வூடு?'ன்னு கேட்டிருப்பே. கேட்காமலே திருத்தறவன் இந்த மண்ணில் பிறந்து, அதை மறைக்கிறதையே தொழிலா வச்சிருக்கிறவன்."

"அந்த மூலையில ஒக்காந்துக்கினு இங்கிலீஷு பேசுனானே!" பிச்சைமுத்து தொடையில் தட்டினான். "தமிழ தொறக்கவே மாட்டேன்னவன்! முதலாளிதான் சிங்கப்பூராச்சே."

நிர்மலா வேனின் கதவைத் திறந்தார். "சந்தியா, நீங்களும் வண்டியில் ஏறுங்க," என்றார்.

"மோட்டாரு?" என்றார் சாலம்மாள்.

"அதுக்கும் சேர்த்துத்தாம்மா போறோம்."

"போறேன்னு எல்லாருந்தான் சொல்றீங்க," என்றார் சாலம்மாள். அவர் குரலில் நம்பிக்கை இல்லை; அதை அவர் மறைக்கவும் இல்லை.

*

தீனதயாளனின் அறைக்குள் நிர்மலா கதவைத் தட்டாமல் நுழைந்தார். ஒரு தாளையும் பேனாவையும் அவர்முன் வைத்தார்.

"நான் சொல்றதை எழுதுங்க. தமிழில்."

"தமிழா? ஐ மீன்..."

"ஆமாம். வாசலில் போகிற பேருந்தில் எழுதியிருக்குமே, அதே மொழி."

பிச்சைமுத்து வெற்றிப் புன்னகையோடு கதவில் சாய்ந்துகொண்டான். நிர்மலா நிறுத்தி, நிதானமாகச் சொன்னார்: "தொட்டிக்கு நீர் ஏற்றும் ஊட்டுக் குழாய் வறண்டிருந்தது."

தீனதயாளன் பள்ளிப் பிள்ளைபோல் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. 'ஊட்டுக் குழாய்' என்று மிகச் சரியாக இருந்தது, 'க்'கும் விடுபடவில்லை.

"உங்க ஊர் எதுங்க?" என்று கேட்டார் நிர்மலா.

"பொள்ளாச்சிப் பக்கமுங்க," என்றார் தீனதயாளன், அச்சத்தில் ஆங்கிலம் உதிர்ந்தவராக. "ஏனுங் மேடம், தப்பா எழுதிட்டனுங்களா?"

பிச்சைமுத்துவின் புன்னகை கதவிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. வெளியே வந்ததும் கிசுகிசுத்தான்: "பூட்டுச்சேக்கா. இவன் அந்தப் பக்கத்து ஆளு. அப்ப மிச்சம்..."

"மிச்சத்தைத் தேடித்தான் போய்க்கொண்டிருக்கிறோம்," என்றார் நிர்மலா, எழுத்துநடையில். அவர் கோபமாக இருக்கும்போது அப்படித்தான் பேசுவார்.

கூட்ட அறையில் தங்கதுரை மட்டும் இருந்தார். சுவரில் பெரிய திரை. சந்தியாவைக் கண்டதும் அவர் முகம் கடுத்தது.

"இவளை ஏன் அழைத்து வந்தீர்கள்?"

"அறிக்கையில் பெயர் வரப்போகிறவர் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. சங்கத்துக்காரங்க வரும் நேரம். என் உதவியாளர் எழுதினா அவருக்கே படிக்கத் தெரியாது. நான் சொல்றேன்; நீங்களே தட்டச்சு பண்ணிடுங்களேன். கேட்டு எழுதற பழக்கம் உங்களுக்கு இருக்கும்னு நினைக்கிறேன்."

கடைசி வாக்கியத்தில் இருந்த முள் தங்கதுரைக்குத் தைக்கவில்லை. தமக்குச் சாதகமான எதிலும் அவர் முள்ளைத் தேடுவதில்லை. விசைப்பலகையை இழுத்துக்கொண்டார்.

நிர்மலா நீதிமன்றக் குரலில் தொடங்கினார்.

"கல்வராயன் மலையைச் சேர்ந்த சாலம்மாள் என்பவரின் நிலத்தில், ஊட்டுக் குழாயில் நீர் இல்லாதபோதும் மோட்டார் ஓடியது. கையேட்டில் இருந்த பிழையே இதற்குக் காரணம். அப்பிழை தற்செயலானது அன்று; அலட்சியத்தாலும் அகந்தையாலும் நேர்ந்தது. பிழை செய்தவர் அதைப் பிறர் தலையில் சுமத்த முயன்றார். அவரே நட்டம் முழுவதற்கும் பொறுப்பாவார்."

தங்கதுரையின் விரல்கள் மகிழ்ச்சியோடு ஓடின. 'அகந்தை' என்ற இடத்தில் அவர் சந்தியாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். சுவர்த்திரையில் வரிகள் ஒவ்வொன்றாய் ஏறின.

அப்போது கதவைத் திறந்துகொண்டு உழவர் சங்கத் தலைவர் கண்ணாயிரமும் வேறு சிலரும் உள்ளே வந்தார்கள். பின்னால் தீனதயாளன்.

"உட்காருங்க. அறிக்கை தயார்," என்றார் நிர்மலா. "பிச்சைமுத்து, முதல் வரியைப் படி."

பிச்சைமுத்து திரைக்கு அருகே போனான், தொண்டையைச் செருமினான். "கல்வராயன் மலையைச் சேர்ந்த சாலம்மாள் என்பவரின் நிலத்தில், வீட்டுக் குழாயில் நீர் இல்லாதபோதும்..." நிறுத்தினான். திரும்பினான். அவன் முகத்தில் பழைய புன்னகை முழு அளவில் குடியேறியிருந்தது. "சார், சாலம்மா வூட்டுல கொழாயே கெடையாதே!"

"நான் சொன்னது ஊட்டுக் குழாய்," என்றார் நிர்மலா. "தொட்டிக்கு நீரை ஊட்டும் குழாய். உங்க விரல் அதை வீட்டுக் குழாய் ஆக்கிடுச்சு. சந்தியா ஊடு அடைவுன்னு சொன்னப்போ வீட்டு அடைவு ஆக்கின அதே விரல். உடுக்குறியை விடுக்குறி ஆக்கின அதே விரல்."

"ஒரு தட்டச்சுப் பிழையை வைத்துக்கொண்டு..."

"கைக்குப் பிழை தெரியாது. காதுதான் பண்ணுது. வூடுன்னு கேட்டா வீடுன்னு திருத்தணும்னு யாரோ உங்களை நல்லாப் பழக்கியிருக்காங்க. சிங்கப்பூரில் அந்தப் பாடம் நடத்தறதா நான் கேள்விப்பட்டதில்லை."

"சிங்கப்பூரா?" கண்ணாயிரம் குறுக்கிட்டார். "யாரு, நம்ம தொரையா? கச்சிராயபாளையத்துல எங்க தெருக் கோடி வூடும்மா. இவுங்கப்பா இன்னும் அங்கதான கரும்பு போட்டுக்கினு இருக்காரு. சிங்கப்பூரு ஒரு வருசம் வேலைக்குப் போனாரு; ஜாஸ்தி போனா ரெண்டு."

"சிங்கப்பூருல எந்தப் பக்கம் சார்? அணைக்கு மேலயா, கீழயா?" என்றான் பிச்சைமுத்து.

தங்கதுரை அவனைப் பொருட்படுத்தவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நீதிமன்றத்தில் நிற்காது, மேடம்."

"நிற்காதுதான். நீதிமன்றம் எனக்குத் தெரியும்." நிர்மலா திரும்பினார். "தீனதயாளன், அந்தத் தொலைபேசிப் பேச்சைக் கேட்டவங்க ரெண்டே பேர். ஒருத்தர் எழுதினது திரையில் இருக்கு. நீங்க எழுதின தாள் என் பையில் இருக்கு. அதில் தப்பு இல்லை. ஆனா பழைய பதிவுகளைச் சுருக்கினது யார்னு காவல் நிலையத்தில் கேட்டா, ஆவணத் தலைவர்ங்கிற பதவி உங்களுடையது. இப்போ பேசறீங்களா, அங்கே பேசறீங்களா?"

தீனதயாளனின் வீரம் எந்த அளவினது என்பதை அறிய அறையில் இருந்தவர்கள் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"சார்தானுங்க அடிச்சாரு," என்றார், ஒரே மூச்சில். "செயலிக் கம்பெனிக்காரங்க பெங்களூர்ல விழா வெச்சாங்க. புதுச் செயலிக்கு முதல் தமிழ்க் கையேடு எழுதினவருன்னு மேடையில சார் பேரைச் சொல்றதா இருந்துதுங்க. அதனால, தமிழ் எழுத இன்ஜினியர் எதுக்குன்னு சொல்லிட்டு அவரே உக்காந்து அடிச்சாரு. மோட்டார் எரிஞ்சதும் பதிவை எல்லாம் சுருக்கிச் சந்தியா பேரைப் போடச் சொன்னாரு. நான் போட்டனுங்க."

"தெரிஞ்சே போட்டியா?" என்றாள் சந்தியா. தீனதயாளன் தம் காலணியைப் பார்த்தார்.

தங்கதுரை வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். வெளிவரப்போகும் முதற்சொல் எந்த ஊர்ச் சொல்லாக இருக்கும் என்ற உறுதி அவருக்கு இல்லை போலும்.

கண்ணாயிரம்தான் பேசினார். "எங்களுக்கு உங்க எழுத்து வழக்கெல்லாம் வேணாம். எரிஞ்ச மோட்டாருக்கு மோட்டாரு வேணும். போலீசுக்கு நீ போறியா தொரை, இல்ல நாங்க போவட்டுமா?" பிறகு சந்தியாவின் பக்கம் திரும்பினார். "இன்னிக்கே அந்தப் பக்கத்த சரி பண்ணிடு கண்ணு. நாளைக்குப் பொட்டிங்கள தொறந்து நீதான் காட்டணும். வேற ஆள மலைக்கு ஏத்த மாட்டோம்."

சந்தியா கூட்ட மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். வீடு ஊடாயிற்று, விடுக்குறி உடுக்குறியாயிற்று. பக்கத்தின் அடியில் இருந்த தன் பெயரை அவள் நீக்கவில்லை. அதன் முன்னால் 'சொன்னவர்' என்று சேர்த்தாள். அதற்குக் கீழே ஒரு புதிய வரி: 'கேட்டு எழுதியவர்: தங்கதுரை.' மாற்றத்துக்கான காரணம் கேட்ட கட்டத்தில் இரண்டு பிழைகளையும் அவற்றின் திருத்தங்களையும் முழுமையாக எழுதினாள். 'மடை'யை எந்த நாட்டில் எவர் எடுத்தாலும் இனி அது கண்ணில் படும். ஒருமுறை படித்துப் பார்த்தாள், வெளியிட்டாள், நாற்காலியில் சாய்ந்தாள்.

பிறகுதான் அவள் சுவர்த்திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், அறிக்கையில வீட்டுக் குழாய்னே இருக்குது. அச்சடிக்கறதுக்கு முன்னாடி ஊட்டுன்னு மாத்திடட்டுமா?"

"தொடாதம்மா."

அச்சிட்ட தாளைப் பிச்சைமுத்து கொண்டுவந்தான். நிர்மலா அதை மேசையில் நேராக வைத்தார். விளிம்பு மேசையின் விளிம்போடு பொருந்தும்வரை நகர்த்தினார். பிழையுள்ள எந்தத் தாளிலும் அவர் வாழ்நாளில் கையெழுத்திட்டதில்லை. பேனாவைத் திறந்தார். 'வீட்டு' என்ற சொல்லின் கீழே அளவுகோல் வைத்ததுபோல் ஒரு கோடு இழுத்தார்.

"அறிக்கையைச் சொன்னது நான். கேட்டு எழுதினது நீங்க," என்றார் தங்கதுரையிடம். "முதல் கையெழுத்து உங்களுடையதா இருக்கட்டும்."

கண்ணாயிரமும் சங்கத்தினரும் நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கதுரை வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு கையெழுத்திட்டார், ஆங்கிலத்தில்.